அந்தக் கார்டில் இன்னொரு படம் எடுக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாப்பிள்ளை கை தவறிக் கேமராவில் இருந்த படங்களையெல்லாம் அழித்துவிட்டாரே, அதற்குத்தான் இந்தக் கடிதம். கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிவிட்டாயா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படி. கார்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகக்கூட அதில் இன்னொரு படம் எடுத்துவிடாதே. கார்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் லாக் இருக்கும். அதை லாக் பக்கம் தள்ளி வை.

மாப்பிள்ளையை ஒன்றும் சொல்லாதே. பாவம், போனில் பேசவே முடியாமல் தவித்தார். எல்லாவற்றையும் அழி என்று கொடுத்தாலும் அந்த நிமிஷமே படம் போய்விடுவதில்லை. உன்னுடையது 32 ஜிபி கார்டு, எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஃபேட்32 என்ற முறையில் குறித்துவைப்பது. அதில் படத்தின் பெயருக்கு முதல் எழுத்தை மாற்றி, இந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வதோடு சரி. ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டால் ஆள் வீட்டை விட்டுப் போய்விடுவாரா? ஆனால் அந்தக் காலி இடத்தில் புதுப் படம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால், பழையதை எவராலும் மீட்க முடியாது. அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

லேப்டாப்பில் ஃபோட்டோரெக் என்ற புரோகிராமை இறக்கிக்கொள். கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது, காசு கிடையாது. நம் போட்டோ கடையில் என் கையால் பல பேருக்கு இதில்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கார்டை ரீடரில் போட்டதும் ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல். ஃபோட்டோரெக்கில் கார்டைத் தேர்ந்தெடுத்து, காலி இடத்தை மட்டும் தேடு என்ற வழியைக் கொடு. மீட்ட படங்களை லேப்டாப்பில்தான் சேமிக்கணும், அதே கார்டில் கூடவே கூடாது. அப்புறம் பொறுமையாக விட்டுவிடு, நேரம் எடுக்கும்.

அது பெயரைப் பார்த்துத் தேடாது. ஜேபெக் படம் தொடங்கும் அடையாளத்தைப் பார்த்தே பொறுக்கும். அதனால் பழைய பெயர்கள் வராது. எஃப் என்று தொடங்கி வெறும் எண்ணாக இருக்கும், பயப்படாதே. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருப்பதால் தேதி வாரியாக அடுக்கிக்கொள்ளலாம். வீடியோக்கள் துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்தால் முழுதாக வராமல் போகலாம், அதற்கு மனதைத் தேற்றிக்கொள். கார்டையே கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் மட்டும் டேட்டா ரெகவரி செய்யும் இடத்துக்குக் கொண்டுபோ.

எனக்கு அதில் ஒரு படம் வேண்டும், பாப்பா. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு சாமிகள் வந்து இறங்கியபோது ஆயா மணலில் உட்கார்ந்திருந்தாளே, பேரனுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. நீ கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினாய். அதற்கப்புறம் ஆயாவை யாரும் படம் எடுக்கவில்லை. பழைய படங்கள்தான் இருக்கிறதே என்று நினைப்பாய். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை ஏறியபோது மஞ்சக்குப்பம் கடையின் கூரை பறந்து, நெகட்டிவ் பெட்டிகளெல்லாம் தண்ணீரில் ஊறிப்போயின. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நெகட்டிவைப் பிரித்தால் மருந்தும் படமும் சேர்ந்தே உரிந்து வரும். ஆயாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அப்படித்தான் போயின. உன் கார்டுக்கு அந்தக் கதி இல்லை. படங்கள் அழிந்தவுடன் கார்டைக் கழற்றியிருந்தால் பெரும்பாலும் முழுசாகவே வந்துவிடும்.

படங்கள் வந்ததும் பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என்று காப்பி போட்டுவிடு. அதுவரை அந்தக் கார்டை உபயோகிக்காதே. ஆயா படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு. பன்னிரண்டுக்குப் பதினெட்டு சைஸில் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டணும் என்று அம்மா இப்போதே ஆணி அடிக்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா