டோக்கன் 11 எங்கிட்ட, லோடு மட்டும் உங்க வண்டிக்கா?

மேனேஜர் ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க.

இதுக்கு முன்னாடி 3 மெயில் போட்டாச்சு, கஸ்டமர் கேருக்கு 6 தடவை கூப்பிட்டாச்சு, நேர்லயும் ஒரு நடை வந்தாச்சு. ஒண்ணுக்கும் பதில் இல்ல. இதையாவது முழுசா படிங்க.

நான் நாமக்கல்ல நாலு லாரி வச்சு ஓட்டறவன். பீகார்ல இருந்து மக்காச்சோள ரேக், அதான் முழு சரக்கு ரயில், வந்தா உங்க தனியார் ரயில் சரக்கு டெர்மினல்ல ஏத்தி கோழித்தீவன மில்லுல எறக்கறதுதான் பொழப்பு. போன சனிக்கிழமை காலைல 6 மணிக்கு ரேக் சரக்கு எறக்க ப்ளேஸ் ஆச்சு. என் ரெண்டு வண்டியும் முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கே கேட்ல நிக்குது, டோக்கன் 11, 12. சனிக்கிழமை ராத்திரி 9 மணி வரைக்கும் கூப்பிடவே இல்ல. ஆனா கதவுல உங்க கம்பெனி பேரு எழுதின வண்டிங்க டோக்கனும் இல்லாம ஒண்ணுமில்லாம நேரா உள்ள போகுது, எடை போடற வே பிரிட்ஜ் ஏறுது, லோடு ஏத்துது, வெளிய வருது, அதுல ஒரு வண்டி மூணு ட்ரிப் அடிச்சுருச்சு, என் டிரைவர் டீக்கடைல உக்காந்து எண்ணிட்டு இருக்கான். 42 வேகன் சரக்குங்க, எல்லாருக்கும் போக மிச்சம் இருக்கும். டெர்மினலும் நீங்களே நடத்தி லாரியும் நீங்களே ஓட்டுறப்ப எங்களுக்கு எதுக்குங்க டோக்கன்?

கேக்கலாம்னு போனா உங்க கேட் சூப்பர்வைசர், கண்ணாடி போட்டு கையில வாக்கிடாக்கி வச்சிருப்பாரே அவரு, என் டோக்கன் சீட்டை வாங்கி பாக்கக்கூட இல்ல, அது மேல டீ டம்ளரை வச்சுட்டு "நாலு வண்டி வச்சிருக்கறவனெல்லாம் ரேக் அன்னிக்கு வராதய்யா, கடைசி நாள் வா, கூட்டற சோளம் இருக்கும்"னாரு. எனக்கு வயசு 52. பையன் வயசு இருக்கும் அவருக்கு. சீட்டுல நம்பர் அழிஞ்சு டீக்கறை வட்டமா இருக்குது, போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் மழை. ஒரு வண்டிதான் அப்ப லோடாச்சு, தார்ப்பாய் கட்டறதுக்குள்ள மேல் வரிசை மூட்டை நனைஞ்சு, மில்லுல ஊசி குத்தி பாத்து ஈரம் 14 சதவீதத்துக்கு மேலனு பாதியை திருப்பி விட்டாங்க. பூஞ்சை பிடிச்சா கோழி போயிரும், அவங்களை குத்தம் சொல்ல முடியாது. அப்பறம் சரக்கை எடுக்க குடுத்த ஃப்ரீ டைம் தாண்டினதுக்கு வார்ஃபேஜ்னு அபராதம் வேற. என்னை உள்ளயே விடல, சரக்கை எடுக்கலைனு அபராதம் மட்டும் எப்படிங்க? மில்காரர் அதை என் வாடகைல பிடிச்சுட்டாரு.

ஆமா, நடுவுல ஒண்ணு விட்டுட்டேன். அதுக்கு முந்தின ரேக்குக்கும் இதே கதைதான், அப்பத்தான் உங்க ஆபீசுக்கு பஸ் புடிச்சு வந்தேன். பத்தரைல இருந்து மூணு மணி வரைக்கும் செக்யூரிட்டி பக்கத்துல நின்னேன், "சார் மீட்டிங்ல இருக்காரு", அப்பறம் "சார் சாப்பிட போயிட்டாரு", அப்பறம் "சார் அந்த வழியா கிளம்பிட்டாரே"!

வண்டி சும்மா நின்ன ஹால்டிங், பேட்டா, வார்ஃபேஜ், நனைஞ்ச மூட்டை, கைவிட்டுப் போன மில் ஆர்டர் எல்லாம் சேத்தா 5 லட்சத்துக்கு குறையாது. இந்த மாசம் டியூ கட்ட வீட்டுல நகை வைக்கணும்.

சண்டை போடணும்னு எனக்கு ஆசை இல்லீங்க, உங்க டெர்மினல் வந்தப்ப சந்தோஷப்பட்டவன் நானு. ஆனா ரயில்வே சட்டம் 1989, பிரிவு 70 ஒருத்தருக்கு மட்டும் அநியாயமா சலுகை காட்டக்கூடாதுங்குது. அது ரயில்வே நிர்வாகத்துக்கு, நாங்க தனியார்னு சொல்லுவீங்க. சரி, உங்களோட ஒப்பந்தம் போட்டதே ரயில்வேதானே, சேலம் கோட்டத்துல சீனியர் டிசிஎம், அதான் முதுநிலை கோட்ட வணிக மேலாளர் கிட்ட எழுதி குடுக்கறேன். அதுக்கும் மசியலைனா டெல்லில போட்டி ஆணையம் இருக்குது, 2002 சட்டம் பிரிவு 4, ஆதிக்கத்தை தப்பா பயன்படுத்தறது. எங்க சங்கத்து வக்கீல் படிச்சு காட்டினாரு. எங்க மாதிரி சின்ன வண்டிக்காரங்க 20 பேர் கையெழுத்து போட ரெடி.

அந்த ரெண்டு நாள் கேட் ரிஜிஸ்டரும் வே பிரிட்ஜ் சீட்டும் காப்பி குடுங்க. ஹால்டிங், வார்ஃபேஜ் பணத்தை திருப்பி குடுங்க. அந்த சூப்பர்வைசர் என் டிரைவர் முன்னாடியே என்கிட்ட மன்னிப்பு கேக்கணும், இதுல விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வர்ற வியாழக்கிழமை அடுத்த ரேக்காமுங்க. முந்தின ராத்திரியே என் வண்டி கேட்ல நிக்கும். டோக்கன் நம்பர்படி கூப்பிடுங்க, போதும்.