புதுப்பித்த செயலியும் ஒலிக்காத மணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்பேசிச் செயலியைப் புதுப்பித்த பின், அதில் நேரம் குறித்துவைத்த நினைவூட்டல்கள் சத்தமில்லாமல் நின்றுபோவதாக யாராவது குறைப்பட்டால், 'பேட்டரி சேமிப்பை அணைத்துவிடுங்கள்' என்ற ஒரே பரிகாரம்தான் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதி செயலியை உருவாக்குவோரின் பொறுப்பு என்பதை, மென்பொருள் சோதனைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

என் தாயாரின் செல்பேசியில் உள்ள மாத்திரை நினைவூட்டல் செயலி, புதிய பதிப்பு ஏறியது முதல் ஒலிக்கவில்லை. ஆனால் திரையில் 'காலை 8 மணி, சர்க்கரை மாத்திரை' என்ற வரியும் அதன் பக்கத்தில் பச்சைக் குறியும் அப்படியே இருந்தன. பட்டியலைக் காட்டுவது செயலி. உரிய நேரத்தில் அந்தச் செயலியை எழுப்புவது ஆண்ட்ராய்டு. இரண்டுக்கும் இடையிலான தொடர்பு அறுந்தாலும் பட்டியல் அழியாது என்பதால் ஐயம் எழ வழியே இல்லை. போதாக்குறைக்கு, தானியங்கிப் புதுப்பித்தல் பெரும்பாலும் செல்பேசி சார்ஜில் சும்மா கிடக்கும்போது நடப்பதால், பதிப்பு மாறியதே பலருக்குத் தெரிவதில்லை.

செயலி திறந்திராதபோதும் நடக்க வேண்டிய பின்னணிப் பணிகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஒர்க்மேனேஜர் என்ற ஆண்ட்ராய்டு நிரல் தொகுப்பு, ஒவ்வொரு பணியையும் அதைச் செய்யும் கிளாஸின் (நிரலில் தனிப் பெயருள்ள ஒரு பகுதி) முழுப் பெயரோடு செல்பேசியின் தரவுத்தளத்தில் எழுதிவைக்கிறது. புதிய பதிப்பில் நிரலாளர் அந்தப் பெயரை மாற்றினால், பழைய பதிவு, இப்போது இல்லாத கிளாஸைத் தேடித் தோற்றுப்போகும். பணியின் இடைவெளியை மாற்றிவிட்டு, 'கீப்' (ஏற்கெனவே உள்ள பதிவையே வைத்துக்கொள்) என்ற அமைப்பை மாற்றாமல் விட்டாலும் பழைய கால அட்டவணையே தொடரும். இதைத் தீர்க்க ஒர்க்மேனேஜரின் 2.8 பதிப்பில், பழைய பதிவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் 'அப்டேட்' என்ற வழி சேர்க்கப்பட்ட பிறகும் பழைய பழக்கம் போகவில்லை.

இவை சோதனையில் சிக்காததற்குக் காரணம் எளிது. பல அலுவலகங்களில் பழைய செயலியை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவித்தான் சோதிக்கிறார்கள். அப்போது எல்லாப் பணிகளும் முதலிலிருந்து பதிவாகிவிடுவதால் குறை தென்படாது. பயனர்களின் செல்பேசியிலோ பழையதன் மேல்தான் புதியது ஏறுகிறது. முந்தைய பதிப்பில் நினைவூட்டல் வைத்து, அதன் மேல் புதியதை ஏற்றி, செயலியைத் திறக்காமலே மணி ஒலிக்கிறதா என்று பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். புதுப்பித்தல் முடிந்ததும் 'மை பேக்கேஜ் ரீப்ளேஸ்டு' என்ற அறிவிப்பை ஆண்ட்ராய்டே அந்தச் செயலிக்கு அனுப்புகிறது. அதைப் பெற்றதும் எல்லா நினைவூட்டல்களையும் மறுபதிவு செய்ய நிரலில் சில வரிகள் போதும்.

அனுமதி விவகாரம் தனி. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இல், புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்குத் துல்லியமான அலாரம் (குறித்த நேரத்திலேயே ஒலிப்பது) வைக்கும் அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. பழைய செல்பேசியிலிருந்து தரவை மாற்றிக்கொண்டாலும் அனுமதி கூடவே வராது. அனுமதி இல்லையென்றால் செயலி அதைத் திரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமே தவிர, பச்சைக் குறி காட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

நிறுவனங்கள் திருந்தும் வரை, வீட்டில் முதியவர்களின் செல்பேசியைப் பார்த்துக்கொள்வோர், செட்டிங்ஸில் 'அலாரங்கள் மற்றும் நினைவூட்டல்கள்' அனுமதி இயக்கத்தில் உள்ளதா என்று பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஒலிக்கும்படி ஒரு நினைவூட்டல் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை