எண்பதா, முப்பதா?

அன்புள்ள சங்கரி,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? மூர்த்தி இன்னும் ஆபரேஷன் தியேட்டர் ஏசியைப் பதினெட்டில்தான் வைக்கிறானா? விசாரிக்கக் காரணம் இருக்கிறது.

மார்பகச் சீரமைப்பு அறுவை முழுக்க 80 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால் தொற்றும் வராது, தோலும் கருகாது என்று உங்கள் சர்ஜன் அடம்பிடிப்பதாக எழுதியிருந்தாய். அவர் 2000-இல் வந்த ஆய்வோடு நின்றுவிட்டார் போல. 500 பேர், பெருங்குடல் அறுவை, 30 சதவீத ஆக்சிஜனுக்குப் பதில் 80 கொடுத்ததில் தொற்று 11.2-இலிருந்து 5.2 சதவீதமாகக் குறைந்தது. 2009-இல் டென்மார்க்கில் 1,400 பேருக்கு வயிற்று அறுவையில் பார்த்தபோது 80-க்கும் 30-க்கும் வித்தியாசமே இல்லை. 80 கொடு என்று 2016-இல் அடித்துச் சொன்ன உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் சுருதியைக் குறைத்துக்கொண்டது. இரண்டு ஆய்வும் வயிறு, மார்பு அல்ல!

கணக்குப் போட்டுக் காட்டு. ஹீமோகுளோபின் 11, சாச்சுரேஷன் (அதில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் சதவீதம்) 98 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 14 மில்லிக்கு மேல் ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தத்தை 150-இலிருந்து 350-க்கு ஏற்றினால் கரைந்து சேர்வது 0.6 மில்லி. ரத்த ஓட்டம் இருக்கும் திசுவுக்கு அந்த அழுத்தம் உதவலாம். மார்பகத்தை எடுத்தபின் மிஞ்சும் மெல்லிய தோலின் ஓரத்தில் ஓட்டமே இல்லையென்றால்? தோலை விரிக்க உள்ளே வைக்கும் பையான எக்ஸ்பாண்டரை முதல் நாளே முட்ட நிரப்பித் தோலை இழுத்தால் அதுதான் நடக்கும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கினாலும் அப்படியே. மயக்கம் கொடுப்பதற்கு அரை மணி முன்பே சூடேற்று, 36 டிகிரிக்குக் கீழே விடாதே, வலியை அடக்கு. சிகரெட்டை நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்.

இன்னொன்று. நிணநீர்க்கணு தேட நீலச் சாயம் போட்டதும் மானிட்டரில் சாச்சுரேஷன் இறங்கினால் ஆக்சிஜனைத் திருகிவிட்டு நிம்மதியாகாதே. சாயம் சிவப்பு ஒளியை விழுங்குவதால் கருவி ஏமாறுகிறது. தமனி ரத்தம் எடுத்துப் பார். கூடவே பிரஷரும் விழுந்தால் அலர்ஜி என்றே எடுத்துக்கொள்.

வயிற்றுத் திசுவை ரத்தக்குழாயோடு மாற்றி வைத்தவர்களுக்கு விரல் மானிட்டர் 100 காட்டினாலும் அந்தத் திசு, அதாவது ஃப்ளாப், செத்துக்கொண்டிருக்கலாம். முதல் நாள் மணிக்கொரு தடவை கையால் தொட்டு, ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் டாப்ளரும் வைத்துப் பார்க்கச் சொல். வெளிறி, சில்லென்று, அழுத்தினால் நிறம் தாமதமாகத் திரும்பினால் தமனியில் அடைப்பு. ஊதாவாகி, வீங்கி, நிறம் சட்டென்று திரும்பினால் சிரையில் அடைப்பு. அதுதான் அதிகம் வரும். இரண்டுக்குமே ஆக்சிஜன் மாஸ்க் மருந்தல்ல. உடனே தியேட்டருக்குத் திரும்ப வேண்டும், இரவு டியூட்டி சிஸ்டர் நேராக சர்ஜனையே எழுப்பலாம் என்று எழுதி ஒட்டு.

அன்புடன்,
கலா