பனிக்கடல் கப்பலுக்கு வெல்டர்கள் தேவை

ஐயா,

பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் சரக்குக் கப்பல்களை இந்தியாவிலேயே கட்டுவது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். எந்திர ஆற்றலைவிட முதலில் வேண்டியது வெல்டிங் திறன். தென்கொரியாவில் கட்டப்பட்ட, ரஷ்யாவின் வடகோடி யமால் பகுதி எரிவாயுவை ஏற்றிச் செல்லும் 299 மீட்டர் நீளக் கப்பல்கள் கனத்த பனியில் பின்பக்கமாகத் திரும்பி, சுழலும் உந்திகளால் (புரொப்பெல்லர்) 2.1 மீட்டர் தடிமன் வரை உடைத்து வழி காண்கின்றன. கடுங்குளிரில் நொறுங்காத உருக்குத் தகடும் விரிசல் விழாத இணைப்பும் இல்லையேல் அந்த ஆற்றலால் பயனில்லை.

தொண்டியில் எங்கள் படகுப் பட்டறையில் வெல்டிங் பழகிய பிள்ளைகள் சிங்கப்பூர் கப்பல் தளங்களுக்குப் போய்விடுகிறார்கள். வெல்டிங் இணைப்பின் உள்குறையைக் காட்டும் எக்ஸ்ரே சோதனையிலும் தேறும் வேலை செய்யும் அந்தக் கைகளுக்கு இங்கு வேலையில்லை. ராமநாதபுரம் மாவட்ட ஐ.டி.ஐ.களில் கப்பல் உருக்கு வெல்டிங்குக்குத் தனிப்பிரிவு தொடங்கி, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் தொழிற்பயிற்சிக்கும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- படகுப் பட்டறைக்காரர், தொண்டி