நீர் ஏறும்போது திட்டைத் தாண்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் முடிந்தால் பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கழிமுக ஓடைகளில் மணல் திட்டுகள் இடம் மாறிவிடும். போன வருடத் தடத்தை நம்பிப் பயணிகள் படகை விடுவது ஆபத்து. திட்டைக் கடல் ஏற்றத்தில் நீர் ஏறும்போதே தாண்டுங்கள்; தரை தட்டினாலும் ஏறுகிற தண்ணீர் தூக்கிவிடும். நீர் வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம்வரை கிடக்க வேண்டியதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உச்ச ஏற்றத்தில் மாட்டினாலோ, அந்த மட்டம் திரும்ப இரண்டு வாரம்கூட ஆகலாம்.

வளைவுகளில் பெரும்பாலும் வெளிக்கரை பக்கம்தான் ஆழம். உட்புறம் மணல் படியும். அடிக்கு ஒரு கோடு பூசிய மூங்கில் கழியோடு முன்னால் ஒருவர் நிற்கட்டும். கழி கொழகொழவென்று இறங்கினால் சேறு. நறநறவென்று நின்றால் மணல், உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போனால் படகின் பின்புறம் இன்னும் தாழும். படகுக்குப் பின்னால் அலை செங்குத்தாக எழுந்து எஞ்சின் திணறுவது அதன் அறிகுறி.

தட்டிவிட்டால் எஞ்சினை முறுக்கவே கூடாது. குளிர்நீர்க் குழாயில் சேறு புகுந்து எஞ்சின் சூடேறும். முன்பக்கம் தட்டியிருந்தால் ஆட்களைப் பின்னுக்கு நகர்த்தி, நங்கூரத்தைச் சிறு தோணியில் ஏற்றி, வந்த வழியே ஆழத்தில் போட்டுக் கயிற்றை மெல்ல இழுங்கள்.

ரங்கூன் வாசகர்