கிராஸ்ஃபேடர் கசிவுக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்:
திருமண நிகழ்ச்சி டிஜே மற்றும் ஒலி அமைப்பாளர்,
திருநெல்வேலி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: உத்தரவாதக் காலத்துக்குள் பழுதான நான்கு சேனல் டிஜே மிக்சர் – தவறான காரணம் காட்டிக் கட்டணம் கேட்பது – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் நான்கு சேனல் டிஜே மிக்சரை மதுரையில் தங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்கினேன். இன்னும் ஓராண்டு நிறையவில்லை. உத்தரவாதம் இரண்டு ஆண்டுகள். அதன் கிராஸ்ஃபேடர், அதாவது ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு மாற இடமும் வலமும் தள்ளும் கட்டை, கசிகிறது. ஃபேடரை இடது ஓரம் முட்டும்வரை தள்ளிய பிறகும், அடைபட்டிருக்க வேண்டிய வலதுபக்கப் பாட்டு ஸ்பீக்கரில் மெலிதாகக் கேட்கிறது. தங்கள் சர்வீஸ் சென்டரோ ஜாப் ஷீட்டில், "லைன் சாதனத்தை ஃபோனோவில் செருகியதால் ஏற்பட்ட பழுது, உத்தரவாதம் செல்லாது" என்று எழுதி, பாகத்துக்கும் கூலிக்கும் பணம் கேட்கிறது. (ஃபோனோ என்பது ரெக்கார்டு பிளேயருக்கான உள்ளீடு, லைன் என்பது மற்ற பிளேயர்களுக்கானது.) இந்தக் காரணம் ஏன் பொருந்தாது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

"மெலிசாத்தானே சார் கேக்குது" என்றார் கவுண்டரில் இருந்தவர். பாளையங்கோட்டையில் ஒரு வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வரும்போது வீணை போட்டிருந்தேன். அடுத்து இளவட்டங்கள் ஆடுவதற்கான குத்துப் பாட்டை இரண்டாவது பிளேயரில் ஏற்றி, ஹெட்ஃபோனில் கேட்டு வேகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வீணை தணியும் இடத்திலெல்லாம் பின்னாலிருந்து டண்டணக்கா எட்டிப் பார்த்தது. பெண்ணின் தாய்மாமா மேடையிலிருந்து இறங்கி வந்து, "தம்பி, ரெண்டு பாட்டு ஒண்ணா ஓடுதே, கவனிக்கலையா?" என்று கேட்டார். பேசிய பணத்தில் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். மெலிதாகக் கேட்டதற்கே இந்த நிலை.

பல மைக்குகளைக் கலந்து ஒரே ஸ்பீக்கரில் விடுவது மட்டும்தான் தேவை என்றால், சாதாரண மேடை மிக்சரே போதும், விலையும் குறைவு. டிஜே மிக்சருக்குக் கூடுதல் விலை கொடுப்பது, ஓடும் பாட்டை ஊர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை நான் மட்டும் கேட்பதற்காக. ஒவ்வொரு சேனலின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் சேனல் ஃபேடருக்கு முன்பே ஒலியைப் பிரித்து ஹெட்ஃபோனுக்கு அனுப்புகிறது க்யூ பொத்தான். அதனால் சேனல் ஃபேடரோ கிராஸ்ஃபேடரோ மூடியிருந்தாலும் எனக்குக் கேட்கும், மண்டபத்துக்குக் கேட்காது. 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற ஹிப்-ஹாப் டிஜே, தன்னிடமிருந்த மிக்சரில் இந்த வசதி இல்லாததால் ஒரு சாதாரண சுவிட்சை வாங்கித் தானே பொருத்திக்கொண்டார். அவர் கைவேலையில் நடந்தது, தங்கள் தொழிற்சாலையில் செய்து வந்த பெட்டியில் நடக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பழுது எங்கே என்பதை நானே சோதித்துவிட்டேன். ஆம்பிளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மிக்சரையும் இரண்டு பிளேயர்களையும் மட்டும் மேசையில் வைத்தேன். முதல் பிளேயரை நிறுத்திவிட்டு, இரண்டாவதில் குத்துப் பாட்டை ஓடவிட்டு, கிராஸ்ஃபேடரை அதற்கு எதிர்ப்பக்கம் முழுவதும் தள்ளினேன். மாஸ்டர் மீட்டரில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது. அடிப்பக்கப் பச்சை விளக்கு ஒவ்வொரு அடிக்கும் மினுக்கியது. சேனல் ஃபேடரை இறக்கினேன், விளக்கு அணைந்தது. மறுபடி ஏற்றி, அந்தச் சேனலின் கிராஸ்ஃபேடர் தேர்வை 'பி' (கிராஸ்ஃபேடரின் வலதுபக்கம்) என்பதிலிருந்து 'த்ரூ'வுக்கும் திரும்பவும் மாற்றிப் பார்த்தேன். த்ரூவில் கிராஸ்ஃபேடர் குறுக்கே வராது, பாட்டு முழுச் சத்தத்தில் நேராகப் போகிறது, அது சரி. பி-யில் வைத்தால் மட்டும் இந்த மினுக்கல். பிளேயரை மூன்றாம் சேனலுக்கு மாற்றி அதையும் பி-க்குக் கொடுத்தேன், அதே கசிவு. சேனல் எதுவானாலும் கசிவு ஒன்றே என்றால், அவை எல்லாம் வந்து சேரும் கிராஸ்ஃபேடரில்தானே கோளாறு?

இதில் ஃபோனோ எங்கே வந்தது? ரெக்கார்டு பிளேயரின் ஊசியிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது, சுமார் 5 மில்லிவோல்ட். ரெக்கார்டில் பள்ளம் வெட்டும்போது பாஸைக் குறைத்து, ட்ரெபிளை உயர்த்தி வெட்டுவார்கள். ஃபோனோ உள்ளீடு அதைத் தலைகீழாகத் திருப்பி, பலமடங்கு பெருக்கி அனுப்பும். 1950-களிலிருந்து ஆர்ஐஏஏ என்ற பொது அளவுப்படி நடக்கும் வேலை இது. என் பிளேயரோ 2 வோல்ட் வரை தருகிறது, ஏறக்குறைய நானூறு மடங்கு. அதை ஃபோனோவில் செருகினால் பாட்டு கிழிந்து, பாஸ் மட்டும் ஊதிப்போய்க் கேட்கும். மண்டபத்துக் குழந்தைகூடக் காதைப் பொத்திக்கொள்ளும். அப்படி ஒரு சீசன் முழுவதும் நான் வாசித்திருக்க முடியுமா? என் பின்பக்கச் சுவிட்சுகள் எல்லாம் லைனில் இருப்பது, மிக்சரை ஒப்படைத்தபோது தங்கள் ஊழியர் எடுத்த படத்திலேயே தெரிகிறது. தவிர, ஃபோனோ சுற்று இருப்பது முதல் வாசலில், கிராஸ்ஃபேடர் இருப்பது கடைசிப் பக்கத்தில். அடுக்களைக் குழாய் சொட்டுவதற்கு மொட்டைமாடித் தொட்டியைக் குறை சொல்வது போலிருக்கிறது இந்த ஜாப் ஷீட்.

இன்னொன்று. முதல்முறை கொண்டுபோனபோது தங்கள் டெக்னீஷியனே ஃபேடரைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்துத் தந்தார். கசிவு நின்றது. சில நாட்களில் திரும்பி வந்தது. தங்கள் கையேட்டின்படி இந்த ஃபேடர் வழியாக ஒலி நேரடியாகப் போவதில்லை. ஃபேடர் ஒரு கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைத்தான் தருகிறது, அதைப் பார்த்து உள்ளே இருக்கும் விசிஏ சுற்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஓரத்துக்குப் போனதும் அந்த மின்னழுத்தம் இறங்கவேண்டிய அளவுக்கு இறங்காவிட்டால் விசிஏ முழுதாக மூடாது. ஃபேடருக்குள் இருக்கும் கரித்தடத்தில் தேய்மானம் என்றாலும் சரி, அழுக்கு என்றாலும் சரி, கிளீனர் அடித்ததும் சரியான கோளாறு ஃபேடரிலேயே இருக்கிறது. அதைக் கையால் தொட்டுப் பார்த்தவரே பிறகு ஃபோனோ என்று எழுதியது எப்படி?

தொலைபேசியில் பேசிய அதிகாரி, "எல்லாச் சேனலையும் த்ரூவில் வைத்து ஓட்டுங்கள், பிரச்சினை வராது" என்றார். வராதுதான். 1971-இல் அமெரிக்க ஒலிக்கருவித் தயாரிப்பாளர் ரூடி போசாக் கிளப்புகளுக்காகச் செய்த மிக்சரில் கிராஸ்ஃபேடரே கிடையாது, குமிழ்களைத் திருகியே பெரிய பெரிய டிஜேக்கள் பாட்டு மாற்றினார்கள். ஆனால் நான் வாங்கியது அதுவல்ல. பெட்டியின் அட்டையில் கிராஸ்ஃபேடர் படத்தைப் பெரிதாகப் போட்டு விற்றுவிட்டு, அதைத் தொடாதீர்கள் என்பது என்ன நியாயம்?

ஆகவே, கிராஸ்ஃபேடரை உத்தரவாதத்தின் கீழ் இலவசமாக மாற்றி, ஓரத்தில் அந்த மின்னழுத்தம் சரியாக இறங்குகிறதா என்பதையும் சரிபார்த்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மீண்டும் கசிந்தால் வேறு மிக்சர் தர வேண்டும். என்னிடம் வாங்கிய சோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு, ஜாப் ஷீட்டில் உள்ள அந்த ஃபோனோ குறிப்பையும் நீக்க வேண்டும். அது அப்படியே கிடந்தால் நாளை வேறு எந்தப் பழுதுக்கும் அதையே காட்டுவார்கள். 15 நாட்களுக்குள் எழுத்துமூலமாகப் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தை அணுகுவேன்.

தை பிறந்தால் எனக்கு அடுத்தடுத்து முகூர்த்தங்கள். மிக்சரை எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் மார்கழி முடிவதற்குள் அனுப்பவும். முன்கூட்டிச் சொன்னால் பேக் செய்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, உத்தரவாத அட்டை, ஜாப் ஷீட் நகல்கள், மீட்டர் விளக்கு மினுக்குவதைக் காட்டும் வீடியோ.