கோபேயிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குளிர் போய்விட்டது, வடக்கே ரொக்கோ மலை முழுக்கப் பச்சை. துணி ஒரே மதியத்தில் காய்ந்துவிடுகிறது.

“இத்தனை கெட்டிக்காரர்களை ஜப்பான்காரன் எப்படி உருவாக்குகிறான்?” என்று போனில் கேட்டீர்கள். வாழ்நாளெல்லாம் தமிழ் வகுப்பு எடுத்தவருக்கு ரெண்டு நிமிடத்தில் என்ன பதில் சொல்வது? அதனால்தான் இந்தக் கடிதம். நாங்கள் இருக்கும் ஹிகாஷிநடா பகுதியிலேயே நடா என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, பையன்களுக்கு மட்டும். தோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு அதிகம் பேரை அனுப்பும் பள்ளி என்ற முதலிடத்தை 1968ல் பிடித்தது. இன்றைக்கும் பள்ளியின் பெயர் மங்கவில்லை. 2001ல் வேதியியலுக்கு நோபல் வாங்கிய நொயோரி ரியோஜி இங்கே படித்தவர்தான்.

இதைக் கட்டியது யார் தெரியுமா? சாராயக்காரர்கள்! நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. இந்தக் கடலோரம் முழுக்க அரிசியைப் புளிக்கவைத்து சாக்கே என்ற மதுவைச் செய்யும் ஆலைகள். பக்கத்து நிஷினோமியாவின் ஊற்றுத் தண்ணீரும், குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் காற்றும் அதற்குத் தோதாம். மூன்று பெரிய சாக்கே குடும்பங்கள் சேர்ந்து 1927ல் பள்ளியை நிறுவின. மறு வருடம் வகுப்புகள் தொடங்கின. ஆலோசகராக இருந்து வழிகாட்டியவர் கானோ ஜிகோரோ, ஜூடோவை உண்டாக்கினவர். அவரும் இந்த ஊர் சாக்கே குடும்பத்துப் பிள்ளைதான். ஜூடோவுக்கு அவர் வைத்த இரண்டு கொள்கைகளே பள்ளிக்கும் கொள்கை: உன் ஆற்றலை நல்லபடி செலவழி; நீயும் மற்றவரும் சேர்ந்து செழியுங்கள். அதனால் கணக்கில் புலியானாலும் பையன் ஜூடோ உடை போட்டுத் தரையில் விழுந்து எழத்தான் வேண்டும். மற்றபடி சீருடை கிடையாது. டி-ஷர்ட்டும் கலைந்த தலையுமாகப் போகிறார்கள். நம் ஊர்த் தலைமையாசிரியர் யாராவது பார்த்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஹாஷிமோட்டோ தகேஷி என்ற மொழி ஆசிரியரைப் பற்றி. 1934ல் இளைஞராக இங்கே வேலைக்குச் சேர்ந்தவர், ஐம்பது வருடம் இங்கேயே இருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பழைய பாடநூல்களில் ஆகாத வரிகளையெல்லாம் மையால் அழிக்கச் சொன்னார்கள். அவர் யோசித்துப் பார்த்து, 1950ல் ஏழாம் வகுப்புக்கு வந்த பையன்களுக்குப் பாடநூலையே ஓரமாக வைத்துவிட்டார். ஒரு சிறுவனின் குழந்தைப் பருவத்தைச் சொல்லும் மெல்லிய நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் மூன்று வருடம் நடத்தினார். ஆமாம், ஒரே நாவல், மூன்று வருடம்.

கதையில் சிறுவன் மலிவு மிட்டாய் தின்றால், வகுப்பில் எல்லோருக்கும் அந்த மிட்டாய். பட்டம் வந்தால், பையன்கள் பட்டம் செய்து வெளியே போய்ப் பறக்கவிட்டார்கள். ஒரு பழைய சொல் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வரலாறு, பழம்பாட்டு, நாள்காட்டி என்று போய்க்கொண்டே இருப்பார். நாவலின் இயல்களுக்குத் தலைப்பில்லை, அதையும் பையன்களே வைக்க வேண்டும். தேவையான தாள்களை ராத்திரியெல்லாம் ஸ்டென்சிலில் தன் கையால் எழுதி உருட்டுவாராம். நீங்கள் வினாத்தாள் உருட்டிவிட்டு விரலெல்லாம் மையோடு வருவீர்களே, அது ஞாபகம் வந்தது. உடனே பயன்படுவது உடனே பயனற்றுப் போகும் என்பது அவர் அடிக்கடி சொன்னது. 98 வயதில், 2011ல், அதே பள்ளிக்குத் திரும்ப வந்து பையன்களுக்குப் பாடம் எடுத்தார். 2013ல் 101 வயதில் காலமானார்.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். ஏழாம் வகுப்பில் ஒரு செட்டைக் கையிலெடுக்கும் ஆசிரியர் குழு, அவர்கள் பன்னிரண்டு முடிக்கும் வரை கூடவே போகிறது. பையன் தேறாவிட்டால் கீழ் வகுப்பு வாத்தியாரைக் குறை சொல்ல முடியாது, தான்தானே அந்த வாத்தியார்.

ஆனால் உடனே அண்ணனிடம் போய், “பார்த்தாயா, ட்யூஷனே வேண்டாம்” என்று சொல்லிவிடாதீர்கள். இந்தப் பள்ளி நிதானமாக நடத்த முடிவதற்குக் காரணம், அவசரமெல்லாம் வாசலுக்கு வெளியே முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. நுழைவுத் தேர்வு ஜனவரியில் இரண்டு நாள். இரண்டு நாளும் கணக்கு, இரண்டு நாளும் மொழி, முதல் நாள் அறிவியலும் உண்டு. ஏறக்குறைய 700 பேர் எழுதி, சேர்வது சுமார் 180 பேர். அதற்காக நாலாம் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் ஜுக்கு என்ற பயிற்சி மையங்களில் கிடக்கிறார்கள். இரவு ஒன்பதரை மணி ரயிலில், முதுகுப் பையோடு நின்றபடியே தூங்கும் குழந்தைகளைப் பார்க்கிறேன். நம் நீட் கோச்சிங்கை அங்கே பதினேழு வயதில் செய்கிறோம், இங்கே பத்து வயதில். அதையெல்லாம் தாண்டி வந்தவர்களில் நிறையப் பேர் கடைசியில் டாக்டருக்குத்தான் படிக்கப் போகிறார்கள். அதில் நமக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

மே மாதத் தொடக்கத்தில் பள்ளி விழா, யாரும் போகலாம். உங்கள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனோம். பையன்களே எல்லாவற்றையும் நடத்துகிறார்கள். கணக்குக் குழுவின் புதிர்கள், தரை முழுக்க ஓடும் பொம்மை ரயில்கள், ஒரு மாயவித்தை. ஒரு புதிரை அவள் போட்டுவிட்டாள். கண்ணாடி போட்ட பையன் குனிந்து கைதட்டினான். வெளியே வந்ததும், “நான் ஏன் இங்கே படிக்க முடியாது?” என்றாள். பையன்களுக்கு மட்டும் என்றேன். “யார் சொன்னது?” என்றாள். சாக்கேக்காரர்கள் சொன்னார்கள் என்று நான் சொன்ன பதில் அவளுக்குப் போதவில்லை, எனக்கும்தான். நிஷினோமியாவில் பெண்களுக்கும் பேர்பெற்ற ஒரு பள்ளி இருக்கிறது, அது வேறு விஷயம். நூறு வருடத்துக்குப் பக்கத்தில் வந்தும் இதை மாற்ற ஏன் மனசு வரவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. பாடநூல் கிடையாது, தேர்வு அட்டவணை கிடையாது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், மூன்று வருடம் உங்கள் கையில். எந்தத் தமிழ்ப் புத்தகத்தை எடுப்பீர்கள்? போனில் சொல்லாதீர்கள், எழுதி அனுப்புங்கள். காரணத்தோடு.

அன்புடன்,
உங்கள் மகள்